பாத்துக் குடுங்க

பாப்பா,

நேற்று மத்தியானம் நீ போனில் அனுப்பிய பதிலைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கேட்டது ஒரு சாதாரணக் கேள்வி. உன் அம்மாவுக்கு வருகிற மாதம் ஐம்பது முடிகிறது, ஒரு கிலோவில் ஒரு கேக் வேண்டும், மேலே கனகாம்பரச் சரம் மாதிரி கிரீமில் போட்டுத் தரவேண்டும், என்ன விலை ஆகும் என்று கேட்டிருந்தேன். உன் சொந்த நம்பருக்குக்கூட அனுப்பவில்லை. போன வாரம் நீ ஸ்டேட்டஸில் போட்ட விலைப்பட்டியலில் ஆர்டருக்கென்று ஒரு நம்பர் இருந்ததே, ஊரில் நாலு பேர் கேட்பதுபோல அதில்தான் கேட்டேன். ஏழு மாதமாக நீ என்னிடம் நேராகப் பேசுவதில்லை. அம்மாவிடம் பேசும்போது அப்பா சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை விசாரிப்பதோடு சரி. அதனால் பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. "பாத்துக் குடுங்கப்பா" என்று வந்தது.

வெளியாள் யாராவது இதைப் படித்தால், இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்பார்கள். பெற்ற பெண் அப்பனிடம் விலை சொல்லக் கூச்சப்படுகிறாள், நல்ல பிள்ளை என்று மெச்சக்கூடச் செய்வார்கள். அது யாருடைய வார்த்தை என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். உன் விலைப்பட்டியலின் கடைசியில், டெலிவரி தனி, பாதிப் பணம் முன்கூட்டியே என்பதற்கெல்லாம் கீழே, "சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் இதே விலை" என்று ஒரு வரி போட்டிருந்தாய். கடைக்கு வந்த பையன் ஒருத்தன் அதைப் படித்துவிட்டு, உங்க பொண்ணு ரொம்ப கறார்ங்க என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்த வரி எனக்காக எழுதியது என்று எனக்குத் தெரியும். அதே படத்தின் ஓரத்தில், கேக்குக்கு அடியில், பழைய பம்புசெட் பேரிங்கில் நான் செய்துகொடுத்த சுழல்தட்டின் விளிம்பு தெரிந்தது. அதையாவது எடுத்துப்போயிருக்கிறாளே என்று இரண்டு மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். இவ்வளவையும் கட்டைவிரலால் தட்ட என்னால் ஆகாது என்பதால் பேப்பர் வாங்கி எழுதுகிறேன். அம்மாவும் படிக்கட்டும். திருச்சியில் நீ வேலை பார்த்த பேக்கரியில் உன்னோடு ஐசிங் போட்ட பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தால் அவர்களுக்கும் காட்டு. எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

நான் நீடாமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டு முப்பது வருஷம் ஆகிறது. ஐடிஐ சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் இன்ன வேலைக்கு இன்ன கூலி என்று ஒரு அட்டை மாட்டலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருக்கும் நேரத்தில் மோட்டார் புகைந்துபோனால் விவசாயி பதறிக்கொண்டு ஓடிவருவான். இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் காயில் கட்டி, வார்னிஷ் அடித்து, காயவைத்து, தூக்கிக்கொண்டு போய் போர்வெல்லில் இறக்கித் தண்ணீர் கொட்டுவதைக் காட்டிவிட்டு நிற்பேன். எவ்வளவு என்று கேட்பார்கள். பாத்துக் குடுங்க என்பேன். ஒருத்தர் ஆயிரம் கொடுப்பார், இன்னொருத்தர் அதே வேலைக்கு அறுநூறு கொடுத்துவிட்டு ஒரு சாக்கு நெல் அறுப்பில் தருகிறேன் என்பார். அறுப்பும் வரும், கதிர் அடித்துச் சாக்கும் கட்டுவார்கள், என் சாக்கு மட்டும் வராது. ஆனால் நல்ல மனுஷன், வாய் திறந்து கேட்கவே மாட்டான் என்று சுற்றுப்பட்டில் எனக்குப் பேர் இருந்தது. அந்தப் பேரை வைத்துத்தான் உன் காலேஜ் பீஸ் கட்டினேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டியது உன் அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன்.

என் அப்பா மேலத்தெருப் பண்ணை வீட்டில் ஆளாக இருந்தவர். களத்தில் நெல்லை அளப்பது அவர்கள், துண்டை விரிப்பது இவர். மரக்காலைத் தலைவழிய அளந்தாலும் தலைவெட்டிக் குறைத்து அளந்தாலும் கட்டிக்கொண்டு வரவேண்டியதுதான், இத்தனை மரக்கால் என்று சொல்லும் வாய் அவருக்குக் கிடையாது. சொன்னவர்களை அடுத்த நாள் களத்தில் பார்க்க முடியாது. அதனால் அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். எனக்கு அப்படி இல்லை. எனக்குப் படிப்பு இருந்தது, சொந்தக் கடை இருந்தது, இந்த வட்டாரத்தில் நீர்மூழ்கி மோட்டாரைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன் அப்போது நான் ஒருத்தன்தான். விலை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. சொல்லாததற்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டேன்.

அது மரியாதையும் இல்லை, அடக்கமும் இல்லை. இந்த வயதில் அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. பாத்துக் குடுங்க என்று சொல்லும்போது எனக்குள் ஒரு கள்ளத்தனம் இருந்தது. இவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறேன், நீயே கூச்சப்பட்டு நிறையக் கொடு என்று எதிராளியைச் சோதிக்கிறேன். அவர் கூச்சப்படாமல் குறையக் கொடுத்தால், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவேன். அந்தக் கஞ்சப்பயல், அந்தப் பிசினாறி, அவன் வீட்டு மோட்டார் இனி எரிந்தே போகட்டும். நீ சின்னப் பிள்ளையாகச் சுவர் ஓரம் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டிருக்கிறாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "கேட்டு வாங்குனா என்ன, நாக்கு அழுகிடுமா?" என்பாள். அவளையும் திட்டுவேன். மறுநாள் அதே ஆள் கூப்பிட்டால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு போவேன். முப்பது வருஷமாக என் மனத்தாங்கலைத்தான் நான் வீட்டுக்குச் சம்பாதித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

நீ கேக் செய்யப்போகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை, அதைமட்டும் என் கணக்கில் நல்லதாக வைத்துக்கொள். பி.காம் முடித்துவிட்டு தஞ்சாவூரில் பன்னிரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தாய். வகுப்பு முடிந்த கையோடு மின்சார ஓவன் ஒன்றை வாங்கி வந்தாய். நம் தெருவில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் படுத்துவிடும், கேக் நடுவில் குழிந்துபோகும். நீ மூன்று தடவை மாவைக் குப்பையில் கொட்டிவிட்டு அழுதாய். நான் ஒரு ஸ்டெபிலைசரைக் கையால் சுற்றிக் கொடுத்தேன். கேக்கைச் சுற்றிச் சுற்றி கிரீம் தடவ ஒரு தட்டு வேண்டும் என்றாய், கடையில் விற்கும் பிளாஸ்டிக் தட்டு ஆடுகிறது என்றாய். தேய்ந்த பேரிங் ஒன்றைக் கழுவி கிரீஸ் வைத்து, மேலே தகடு வெட்டிப் பொருத்திக் கொடுத்தேன். விரலால் தொட்டால் போதும், சத்தமில்லாமல் சுற்றும். என் வாழ்நாளில் செய்த வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அது. இப்படியெல்லாம் கையால் உதவிவிட்டு வாயால் கெடுத்தேன்.

விலை போடுவது எப்படி என்று நீ ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மைதா, முட்டை, வெண்ணெய், கிரீம், சர்க்கரை, கலர், அடியில் வைக்கும் அட்டை, பெட்டி, கரண்ட் என்று எழுதிக்கொண்டே வந்தாய். கடைசியில் கூலி என்று எழுதி, நாலு மணி நேரம் என்று போட்டாய். நான் எட்டிப் பார்த்துச் சிரித்தேன். வீட்டுக்குள்ளே ஃபேனுக்குக் கீழே நின்று செய்வதற்குக் கூலியா என்று கேட்டேன். உனக்கு நீயே கூலி கொடுத்துக்கொள்வாயா என்று வேறு கிண்டல் செய்தேன். நீ அந்த வரியை ரப்பரால் அழித்தாய். பேனாவில் எழுதியிருந்தால் அடித்தது தெரிந்திருக்கும். பென்சிலில் எழுதியதால் அங்கே ஒன்று இருந்ததே தெரியாமல் போனது. அன்றைக்கு உன் விலையில் முதலில் கை வைத்தவன் வெளியாள் யாரும் இல்லை, நான்தான். நாலு மணி நேரம் நிற்கிற கால் வலிக்கும் என்பது, இரண்டு நாள் குனிந்தே காயில் கட்டி முதுகு போன எனக்குத் தெரியாதா?

கூலியை அழித்த பிறகும், சேதாரத்துக்கும் லாபத்துக்கும் என்று கொஞ்சம் வைத்து, கிலோ எழுநூற்றைம்பது என்று நீ முடிவுசெய்தாய். நம் பின்தெரு டீச்சர்தான் முதலில் வந்தார்கள், அவர்கள் பேரனின் பிறந்தநாளுக்கு. கேக்கை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று எவ்வளவு என்று கேட்டார்கள். நீ உள்ளே கையில் கிரீமோடு இருந்தாய். நான் உனக்கு முந்திக்கொண்டு, நம்ம டீச்சருக்குப் போய் என்னங்க விலை, பாத்துக் குடுங்க என்றேன். டீச்சர் நல்லவர்கள்தான். அவர்களுக்குத் தெரிந்த விலை பேக்கரி விலை, அதைக் கொடுத்தார்கள், நானூறு. நீ போட்ட சாமானே அதற்கு மேல். நீ வெளியே வந்து என் கையில் இருந்ததைப் பார்த்தாய். முதல் போணி, இருக்கட்டும் விடு என்றேன். அந்த முதல் போணிதான் ஊருக்கே விலையாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் டீச்சருக்கு நானூறுக்குக் கொடுத்தீங்களாமே என்றுதான் ஆரம்பித்தார்கள். நீ எழுநூற்றைம்பது என்று சொன்னால், நம்மை மட்டும் ஏமாற்றுகிறாள் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்கள்.

அந்த ஒன்றரை வருஷத்தில் நம் வீட்டிலிருந்து எத்தனையோ கேக் போனது. கார் மாதிரி, கிரிக்கெட் மட்டை மாதிரி, மணப்பெண் மாதிரியெல்லாம் போனது. நாம் சாப்பிட்டது, கேக்கின் தலை சமமாக இருக்கவேண்டும் என்று உப்பிய பகுதியை நீ சீவி எடுப்பாயே, அந்தச் சீவலை. உன் அம்மா அதை டீயில் தொட்டுத் தின்றுகொண்டே, என் பொண்ணு கைக்கு என்ன ருசி என்பாள். முழுக் கேக் ஒன்றை அவள் பேர் எழுதி அவள் முன்னால் வைத்து யாரும் வெட்டச் சொன்னதில்லை. அதற்குத் தேவையான சாமான்கூட உனக்கு மிஞ்சவில்லை. ஒன்றரை வருஷம் உழைத்ததில் உனக்குக் கிடைத்தது, கையெல்லாம் அழியாத கலரும் அப்பாவின் நல்ல பேரும்.

பண்ணை வீட்டுக் கேக்குக்கு வருகிறேன். எழுதவே கை வரவில்லை, ஆனால் இதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதி என்ன பிரயோசனம். சிங்கப்பூரில் இருக்கும் அவர்கள் மகன் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார். பிள்ளைக்கு முதல் பிறந்தநாளை மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மூன்று அடுக்கு, ஐந்து கிலோ, உச்சியில் ஒரு கரடிக்குட்டி, சுற்றிலும் பலூன்கள். போனில் படம் காட்டி, முடியுமா என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். நீ முடியும் என்றாய். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டு ஆறாயிரத்து ஐநூறு என்று எழுதினாய். இந்தத் தடவை கூலியை அழிக்கவில்லை. விலை பேசப் போவதற்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாய்: "இந்தத் தடவை நான் பேசிக்கிறேன்ப்பா. நீங்க வாயத் திறக்காதீங்க." சரி என்று தலையாட்டினேன்.

அங்கே உனக்கு நாற்காலி போட்டார்கள். எனக்கும் போட்டார்கள். நான் உட்காரவில்லை. யாரும் நிற்கச் சொல்லவில்லை, கால்தான் தன்னால் நின்றுகொண்டது. அந்த வீட்டில் எனக்குப் பேர் மோட்டார். பெரியவர் உன்னை வாம்மா என்றார், படத்தைப் பற்றி உன்னிடமே பேசினார், உன் வேலையைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார். விலை என்று வந்ததும் என் பக்கம் திரும்பி, "என்ன மோட்டாரு, எவ்வளவு ஆகும்?" என்றார். நீ நடுங்காமல், ஆறாயிரத்து ஐநூறுங்க என்றாய். சிங்கப்பூர் மகன் போனைக் கையில் எடுத்துவிட்டார். உங்க நம்பர் சொல்லுங்க, இப்பவே போட்டுவிட்டுடறேன் என்று உன்னிடம் கேட்டார். அவ்வளவுதான் வேலை. நீ நம்பரைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. "சின்னப் பிள்ள ஏதோ சொல்லுதுங்கய்யா. நீங்க பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

பெரியவர் சிரித்தார். பார்த்துச் செய்துவிடலாம் என்றார். மகன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அப்போதே அந்த வேலையை வேண்டாம் என்று விட்டிருக்கலாம் நீ. விடவில்லை, ஒத்துக்கொண்ட வேலை என்று மூன்று நாள் நின்று செய்தாய். கரடிக்குட்டியின் காதுக்கு மட்டும் ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. மினி வேனில் நான் மேல் அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரிடம் மெதுவா மெதுவா என்று கெஞ்சிக்கொண்டு வந்தேன். மண்டபத்தில் எல்லோரும் படம் எடுத்தார்கள். பந்தியில் நம்மை நல்லபடியாகத்தான் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டு வந்ததும் பெரியவர் கூப்பிட்டு, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பழம், உனக்கொரு சேலை, ஒரு கவர், எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்து நாலு பேர் முன்னிலையில் கொடுத்தார். நான் தோள்துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் வாங்கினேன். கவரில் இரண்டாயிரத்து ஒன்று இருந்தது. மாவுக்கும் கிரீமுக்கும் கொடுத்த பணமே அதற்கு மேல். அவர் கணக்கில் அது தாராளம், மனதறிந்து குறைக்கவில்லை. அதனால் இப்போது யோசித்தால் அவரைத் திட்டவும் எனக்கு வழியில்லை.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல ஆரம்பித்தேன். இவ்வளவு வசதி இருந்தும் மனசு வரவில்லை பார் என்றேன். நீ கையைக் கழுவிக்கொண்டிருந்தாய். திரும்பி நின்று, சத்தம் போடாமல் சொன்னாய்: "அவங்க குறைக்கலப்பா. அவங்க பையன் போன கையில எடுத்தாரு. நீங்கதான் குறைச்சீங்க." அதன் பிறகு நீ நம் வீட்டில் ஒரு கேக்கும் செய்யவில்லை. இரண்டு வாரத்தில் திருச்சியில் ஒரு பேக்கரியில் மாதச் சம்பளத்துக்கு ஐசிங் வேலை என்று கிளம்பிவிட்டாய். பஸ் ஏற்றிவிட வந்த என்னிடம் பெட்டியைக்கூடத் தூக்கக் கொடுக்கவில்லை. அந்த வேலையையும் விட்டு அங்கேயே தனியாக ஆர்டர் எடுக்க ஆரம்பித்திருக்கிறாய் என்பது உன் ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சேலையை அம்மா பிரிக்காமல் அப்படியே பீரோவில் வைத்திருக்கிறாள். ஸ்டெபிலைசர் அடுப்படி மூலையில் தூசி பிடித்துக் கிடக்கிறது.

நீ போன பிறகு நடந்த ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். இப்போது நானே சொல்கிறேன். ஆனி மாதம் பண்ணை வீட்டு போர் மோட்டார் எரிந்துபோனது. கூப்பிட்டார்கள், போனேன். பிரித்துப் பார்த்துவிட்டு, காயில் முழுக்கப் போயிருக்கிறது, மூவாயிரத்து இருநூறு ஆகும் என்றேன். முப்பது வருஷத்தில் முதல்தடவை ஒரு எண் என் வாயிலிருந்து வந்தது. பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன மோட்டாரு, புதுசா விலையெல்லாம் சொல்ற?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வேடிக்கை பார்ப்பதுபோலச் சொன்னார். ஆகட்டும், சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி அனுப்பவில்லை. மன்னார்குடியிலிருந்து ஒரு ஆளை வரவழைத்துக் கட்டினார்கள். அவன் நாலாயிரம் கேட்டானாம், பேசாமல் எடுத்துக் கொடுத்தார்களாம். அவன் சொன்னால் அது விலை. நான் சொன்னால் திமிர். முப்பது வருஷம் பாத்துக் குடுங்க என்று சொல்லிச் சொல்லி என் வாயிலிருந்து வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லாமல் செய்துகொண்டேன். இனி இந்த ஊரில் அதை நான் மாற்ற முடியாது.

அதனால் விலை சொன்னால் மரியாதை கூடும் என்று நான் உனக்குப் பொய் சொல்லமாட்டேன். போய்விடுவார்கள். பத்துப் பேர் கேட்டால் ஆறு பேர் போய்விடுவார்கள், தெரிந்தவர்கள்தான் முதலில் போவார்கள். ரொம்ப மாறிட்டா என்று சொல்லிவிட்டும் போவார்கள். போகட்டும், பாப்பா. கூலியை முதல் வரியில் எழுது, கடைசியில் எழுதினால் அழிக்கத் தோன்றும். பேனாவில் எழுது. வாசலில் நிற்பது யார் என்று பார்த்து விலை சொல்லாதே. பேக்கரியில் இவ்வளவுதானே என்றால், அப்படியானால் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல், நீ அங்கே வேலை பார்த்தவள்தானே, அங்கே என்ன கிரீம் போடுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். எண்ணைச் சொன்னபிறகு எதிராளி கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். நான் தோற்றது முழுக்க அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். அந்த அமைதி பொறுக்காமல் நாமாகவே வாயைத் திறந்து, உங்களுக்கு வேண்டுமானால் குறைச்சுக்கலாம் என்று ஆரம்பித்துவிடுவோம். நீ வாயைத் திறக்காதே. கையில் ஏதாவது வேலை இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டிரு, அந்தத் தட்டையாவது சுற்றிக்கொண்டிரு.

இப்போது நேற்றைய பதிலுக்கு வருகிறேன். "பாத்துக் குடுங்கப்பா" என்று எழுதினாயே, அதை எந்த அர்த்தத்தில் எழுதினாய்? என் வார்த்தையை எடுத்து என் மூஞ்சியிலேயே விட்டெறிந்தாயா? அல்லது அப்பாதானே கேட்கிறார், அவரிடம் போய் எப்படி விலை சொல்வது என்று கை தன்னால் தட்டிவிட்டதா? நான் பத்துத் தடவை எடுத்துப் படித்துவிட்டேன், எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளை பாசத்தில் சொல்லியிருக்கும், ஏன் இப்படி மனசைப் போட்டு உழப்பிக்கொள்கிறீர்கள் என்கிறாள் அம்மா. பாசம், பழக்கம், தெரிந்த மனுஷர் என்றுதான் நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டேன். நீ பாசத்தில் சொல்லியிருந்தால், களத்தில் என் அப்பா விரித்த துண்டு என் கைக்கு வந்து, என்னிடமிருந்து திருச்சியில் நீ வாடகை கொடுக்கிற அறைவரைக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம். அதுவும் சொந்தக்காரர்களுக்கும் இதே விலை என்று எழுதி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஏழு மாதம் நீ என்னோடு பேசாமல் இருந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியாது.

அம்மா பிறந்தநாள் பன்னிரண்டாம் தேதி. காலை முதல் பஸ்ஸில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், டெலிவரி தனி என்று போட்டிருக்கிறாய், அந்தக் காசு எனக்கு மிச்சமாகட்டும். பாதிப் பணத்தை முன்னதாக அனுப்பவேண்டும் என்றால் எவ்வளவு என்று தெரியவேண்டும். ஒரு எண் எழுது, கனகாம்பரத்துக்கும் சேர்த்து, நிற்கிற காலுக்கும் சேர்த்து. அதற்குக் கீழே, நேற்று எழுதியது உங்களைக் குத்திக்காட்டத்தான் என்று ஒரு வரி எழுதிவிடு. அதைப் படித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அப்பா